உப்புக்கால்

எங்கள் கம்பெனியில் யாரும் செருப்போடு உப்புப் பாத்திக்குள் இறங்கமாட்டார்கள். முதலாளியே வந்தாலும் வரப்பு முனையில் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் இறங்குவார். எழுதி ஒட்டிய சட்டம் எதுவும் கிடையாது. ஊர் உலகமெல்லாம் சோற்றில் போட்டுப் பிசைந்து தின்னப்போகிற பொருளைச் செருப்புக்காலால் மிதிப்பதா என்பதுதான் காரணம். ஒருமுறை வெளியூர் வியாபாரி ஒருவர் விவரம் தெரியாமல் பூட்ஸ் காலோடு இறங்கிவிட்டார். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் பலகையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றி நின்றுவிட்டார்கள். அவர் வெளியே போகும்வரை ஒருத்தியும் குனியவில்லை. அந்த மனிதரைக் கையைப் பிடித்துக் கரையேற்றி, அவருக்காகப் பெண்களிடம் மன்னிப்பும் கேட்டவர் எங்கள் சூப்பர்வைசர்.

எழுபதுகளின் நடுவில், மரக்காணத்தில் இருந்த அந்த உப்புக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். அனுமந்தையிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். அப்பா கட்டுமரம் ஏறியவர். அம்மா தலையில் மீன் கூடையோடு ஊர் ஊராகப் போய் விற்றவள். நான் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படித்து, பாண்டிச்சேரியில் டைப்பிங் பாஸ் செய்தேன். கடலோடு சம்பந்தமில்லாத வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். வந்து பார்த்தால் இங்கேயும் கடல்தண்ணீர்தான், கொஞ்சம் கெட்டியாக இருந்தது, அவ்வளவுதான். படிப்பு என் கையெழுத்தைத் திருத்தியதே தவிர வாயைத் திருத்தவில்லை. அது அம்மா வழி வந்தது.

சூப்பர்வைசருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். இரும்பை கிராமத்துப் பக்கத்தில் நெல் விளைகிற ஊர் ஒன்றிலிருந்து குமாஸ்தாவாக வந்து சேர்ந்து, மெல்ல மெல்ல மேலே வந்தவர். எந்தப் பாத்தி விளைந்துவிட்டது, எதை இன்னும் கொஞ்சம் விடலாம், எங்கே அடிச்சேறு கலந்திருக்கிறது என்பதையெல்லாம் அவர் பாத்தியில் இறங்கிப் பார்த்துச் சொன்னால்தான் வாரத் தொடங்குவார்கள். வந்த புதிதில் அவர் பட்ட பாட்டைப் பெண்கள் கதைகதையாகச் சொல்வார்கள். உப்புத்தண்ணீரில் நின்றால் விரல் இடுக்கெல்லாம் வெடிக்கும். வெடித்த இடத்தில் மறுபடியும் உப்புத்தண்ணீர் பட்டால் உயிர் போய் உயிர் வரும். அவர் குதிகாலை ஊன்றித் தத்தித் தத்தி நடப்பதைப் பார்த்து, "ஆபீஸ் காலுடி, ஆபீஸ் காலு" என்று அவர் காதில் விழும்படியே சிரிப்பார்களாம்.

வருஷக்கணக்கில் நின்றால் யாருக்கும் தோல் தடித்துவிடும், எரிச்சலும் குறைந்துவிடும். அதற்கு அங்கே உப்புக்கால் என்று பேர். "அவளுக்கு உப்புக்கால் வந்துடுச்சு" என்று சொன்னால், இனிமேல் அவளை யாரும் புதுசு என்று கேலி செய்யமாட்டார்கள் என்று அர்த்தம். சூப்பர்வைசருக்கு அது ரொம்ப நாள் வரவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், என் கண்ணெதிரில் வந்தது. வெடிப்பு அப்படியே இருந்தது, எரிச்சல் மட்டும் போய்விட்டது. சித்திரை மாத மத்தியானத்தில், பழகிய பெண்களே ஈரம் தேடிக் கால் வைக்கிற நேரத்தில், அவர் கொதிக்கிற பாத்தி நடுவில் நின்று நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பார். பெண்களை வேலைக்குக் கூட்டி வருகிறவள் ஒருத்தி இருந்தாள். கூட்டத்துக்கே அவள்தான் தலைவி. "அய்யாவுக்கு நம்மள விட நல்லா வந்துடுச்சு பாருங்கடி" என்று ஒரு நாள் அவளே சொல்லிவிட்டாள். சம்பள உயர்வு வந்தபோதுகூட அந்த மனிதர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் ஆபீஸ் பிழைப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். உப்பளத்து வேலை என்றால் வெயிலில் வறுபடுகிறோம் என்று ஊரில் நினைத்துப் பரிதாபப்பட்டார்கள். வறுபட்டவர்கள் பெண்கள். எங்களுக்கு வெயில் ஜன்னல் வழியாகத்தான் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் எழுந்திருப்போம். லாரி வந்தால் டீ, லோடு ஏறினால் டீ. லாரிக்காரர் டீ வாங்கிக் கொடுக்காமல் போனால் எங்களுக்கு அவமரியாதை, நாங்கள் குடிக்காவிட்டால் அவருக்கு அவமரியாதை. கூடவே பஜ்ஜியோ, பணியாரமோ வரும். சர்க்கரை ரேஷனில் அளந்து கிடைத்த காலம் அது. வீட்டில் வெல்லக் காப்பி குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஆபீசில் வெள்ளைச் சர்க்கரை டீ என்றால் ஒரு மிதப்பு. "இன்னொரு கரண்டி போடுப்பா" என்று கேட்டு வாங்குவோம். அதில் சூப்பர்வைசர்தான் முதல் ஆள். பதவி உயர்ந்ததும் கம்பெனியில் சைக்கிள் கொடுத்தார்கள், வரப்பு வரப்பாக நடந்த நடை அதோடு நின்றுபோயிற்று. பாத்தியில் இறங்கிப் பார்க்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் என் எதிர் நாற்காலியில்தான் இருப்பார்.

இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. நானே இன்றைக்குக் காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சூப்பர்வைசருக்குத் தாகம் அதிகமாயிற்று. ஆபீஸ் பானையில் பாதித் தண்ணீர் அவருக்கே சரியாக இருந்தது. உப்பளத்தில் ஒருவனுக்குத் தாகம் எடுத்தால் யார் கவலைப்படப் போகிறார்கள்? அடிக்கடி எழுந்து வெளியே போனார். இவ்வளவு தண்ணீர் குடித்தால் போகத்தானே வேண்டும் என்றோம். உடம்பு இளைத்து, சட்டை தொளதொளவென்று தொங்கியது. வெயில் ஆளை உறிஞ்சுகிறது என்றோம். கண் மங்கலாகத் தெரிகிறது என்றார். வெயிலில் வெள்ளை வெளேரென்று உப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லோருக்கும் அப்படித்தான் என்றோம். வேறு ஊராக இருந்திருந்தால் யாராவது ஒருவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். எங்கள் ஊரில் எதைச் சொன்னாலும் உப்பின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

அந்தப் பங்குனியில் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். சின்ன வயசு, ஒல்லியான உருவம், கூட ஒரு கம்பவுண்டர். உட்கார்ந்து வேலை செய்கிறவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது, எதனால் வருகிறது என்று பல ஆபீஸ்களுக்கும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம், பாங்கு எல்லாம் முடித்துவிட்டு எங்களிடம் வந்திருந்தார். எல்லோரும் காலையில் சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துக் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஆபீஸ்காரர்கள் பாட்டிலுக்கு எங்கே போவது? மை பாட்டில்தான் இருந்தது. கம்பவுண்டர் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் சில சொட்டு விட்டுக் காய்ச்சினார். நீலம் நீலமாகவே இருந்துவிட்டால் நல்லது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிக்கொண்டே போய்ச் செங்கல் நிறத்துக்கு வந்தால் சர்க்கரை நிறைய இருக்கிறது என்று பொருள். கணக்கர் கொடுத்த மை பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த கம்பவுண்டர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னா சார் இது, மருந்து ஊத்தறதுக்கு முன்னாடியே நீலமா இருக்குது?"

"நல்லா கழுவித்தான்ங்க கொண்டாந்தேன்" என்றார் கணக்கர்.

"எங்க கணக்கர் அவ்ளோ ஆரோக்கியம்ங்க" என்றேன். மேனேஜர்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வெளியே ஜன்னலில் பெண்களின் தலைகள் முளைத்துவிட்டன. ஆபீசுக்குள் விளக்கு எரிந்து, குழாயில் நிறம் மாறினால் யாருக்குத்தான் வேலை ஓடும்? தலைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எங்களுக்குக் கெடையாதா டாக்டரு?"

"இது ஆபீஸ்காரங்களுக்கு மட்டும்மா."

"அதானே. எங்க வூட்ல சக்கரையே இல்ல, சக்கரை வியாதி எங்கேர்ந்து வரும்?"

எல்லோரும் சிரித்தோம். டாக்டர் சிரிக்கவில்லை. அப்படிச் சொல்லிவிட முடியாது, உங்களையும் ஒரு நாள் வந்து பார்க்கிறேன் என்றார். நான் அங்கே இருந்தவரை அந்த ஒரு நாள் வரவில்லை.

சூப்பர்வைசருடைய குழாய் கொதித்த உடனேயே நிறம் மாறியது. பச்சையில் நிற்கும் என்று பார்த்தோம், நிற்கவில்லை. மஞ்சளைத் தாண்டி, செங்கல்லைக் கரைத்து ஊற்றியதுபோல் ஆகிவிட்டது. கம்பவுண்டர் குழாயைக் கழுவிவிட்டு இன்னொரு தடவை செய்தார். அதே நிறம்.

"உங்க மருந்துலதான் ஏதோ கோளாறுங்க" என்றார் சூப்பர்வைசர். "சக்கரை இருந்தா போற எடத்துல எறும்பு மொய்க்கணும். எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் கண்டுபுடிச்சாங்க. நான் போற எடத்துல ஒத்த எறும்பு வந்து நான் பார்த்ததில்ல."

"எங்க போவீங்க?"

"இதோ, பாத்திக்கு அந்தாண்ட."

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அந்தாண்ட உப்புத்தரை. அங்க எறும்பு எதுக்கு வரும், ஊறுகா போடறதுக்கா?"

டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் திரும்பினார். சித்தப்பாவுக்கு இருந்ததா, அப்பாவுக்கு எப்படி என்று கேட்டார். அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டார், காலில் ஒரு புண் வந்து ஆறாமல் போய்ச் சேர்ந்தார் என்று சூப்பர்வைசர் சாதாரணமாகச் சொன்னார். ஏர் ஓட்டும்போது பட்ட காயமாம். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"உங்க காலைக் காட்டுங்க."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "காலுக்கு ஒரு கொறையும் இல்லைங்க. முன்னெல்லாம் எரிச்சல் தாங்காது. இப்ப உப்புக்கால் வந்துடுச்சு. இவங்களையே கேளுங்க" என்று ஜன்னலைக் காட்டினார். ஜன்னலில் தலைகள் ஆமாம் என்று ஆடின.

டாக்டர் என் மேஜையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து ஸ்பிரிட்டில் துடைத்தார். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, குத்துகிறபோது குரல் கொடுங்கள் என்றார். முழங்காலுக்குக் கீழே குத்தினார். "ம்" என்று உடனே பதில் வந்தது. கெண்டைக்காலில் குத்தியபோது "ம்" கொஞ்சம் தாமதமாக வந்தது. கணுக்காலில் குத்தினார், அவர் பேசவில்லை. பாதத்தின் மேலே, அடியில், விரல் நுனியில் குத்தினார். ஊசி இறங்குவது எனக்குத் தெரிந்தது, என் கால் கட்டைவிரல் தானாக மடங்கியது. சூப்பர்வைசர் கண்ணை மூடியபடி, சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"குத்துங்க டாக்டர். எதுக்கு லேட் பண்றீங்க?"

அவர் கண்ணைத் திறந்தபோது பெருவிரலில் ஒரு பொட்டு ரத்தம் நின்றிருந்தது. அதைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி வாய்விட்டுச் சிரித்தார். "பார்த்தீங்களா? நான் சொல்லல?" வெளியே ஒருத்தி விசிலே அடித்துவிட்டாள். டாக்டரின் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது உப்பால வந்தது இல்லைங்க" என்றார் டாக்டர் மெல்லிய குரலில். "சர்க்கரையால காலு நரம்பு செத்துக்கிட்டு வருது. முள்ளு ஏறினாலும் உங்களுக்குத் தெரியாது, கண்ணாடி குத்தினாலும் தெரியாது. புண்ணு வந்தா சீக்கிரத்துல ஆறாது. அப்படியே விட்டா காலையே எடுக்கணும். இனிமே வெறுங்கால்ல ஒரு அடிகூட வைக்காதீங்க."

"போட்டுக்கறேங்க. பாத்தில எறங்கறப்ப மட்டும் கழட்டிட்டு..."

"பாத்திலதாங்க முக்கியமா போடணும்."

"அது ஆவாதுங்க" என்றார் சூப்பர்வைசர்.

மற்ற எல்லாவற்றுக்கும் அவர் ஒத்துக்கொண்டார். மாத்திரை போட்டார். ஒரு வேளைச் சோற்றை விட்டுவிட்டுக் கோதுமைக்கும் கேழ்வரகுக்கும் மாறினார். டீயில் சர்க்கரை வேண்டாம் என்று சொன்னார். சொன்னாரே தவிர, டீக்கடைக்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார். நான் அவர் கிளாசை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். "போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கவேண்டிய பொண்ணு, இங்க டைப் அடிக்குது" என்பார். மாசத்துக்கு ஒருமுறை பாண்டிச்சேரிக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார், நிறம் செங்கல்லிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியது. ஆனால் வரப்பு முனைக்கு வந்ததும் சைக்கிளை நிறுத்துவார், செருப்பைக் கழற்றுவார், இறங்குவார்.

அவர் மனைவி ஒரு நாள் சாப்பாட்டுத் தூக்கோடு ஆபீசுக்கே வந்துவிட்டார். அதிகம் பேசாத அம்மா. தூக்கை என் மேஜைமேல் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வூட்டுல எது வேணும்னாலும் பார்த்துக்கறேம்மா. அளந்துதான் போடறேன். தெனமும் காலைக் கழுவித் தொடச்சுப் பார்த்துடறேன். இங்க அவரு வெறுங்கால்ல எறங்கறத நான் எங்கேர்ந்து தடுக்கறது? நீ படிச்ச பொண்ணு, சொல்லேன்."

மேனேஜரிடம் போய்க் கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. "பாத்தில எறங்கலன்னா சூப்பர்வைசர் வேலைக்கு வேற ஆளத்தான் போடணும்மா. அவருக்கு மூணு பொண்ணுங்க. நான் இன்னா பண்ணட்டும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். கால் வேண்டுமா, வேலை வேண்டுமா என்பதுதான் சூப்பர்வைசர் முன்னால் நின்ற கேள்வி. அவர் மூன்றாவதாக ஒன்றையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அது அந்தப் பெண்களின் மதிப்பு.

நான் சூப்பர்வைசரிடம் நேராகவே சண்டை போட்டேன். "செருப்பப் போட்டுக்கினு எறங்குங்க சார். யாரு கேக்கறாங்கன்னு பார்க்கறேன்."

"ஏம்மா, நீ ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறியே. செருப்போட பீடத்துக்கிட்ட போவியா?"

"கால் போயிடும்னா போவேன். மாதா ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"மாதா சொல்லமாட்டாங்கம்மா. இவங்க சொல்லமாட்டாங்களா?" என்று பாத்திப் பக்கம் கையைக் காட்டினார். "பூட்ஸ் போட்டவனக் கையப் புடிச்சு வெளியே கூட்டியாந்தவன் நான். இத்தினி வருஷம் கழிச்சு எனக்கு இப்பத்தான் உப்புக்கால்னு சொன்னாங்க. நான் போய் செருப்போட நிக்கட்டுமா?"

அது உப்புக்கால் இல்லை என்று டாக்டர் சொன்னது அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்துதான் இருந்தது. மரத்துப்போன காலை அந்த வார்த்தையிலிருந்து பிரித்துப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, இரக்கமாகவும் இருந்தது. கோபத்தை மட்டும் காட்டினேன்.

ஆடி மாதம் காற்று ஆளைத் தள்ளுகிற ஒரு காலையில், லாரிக்கு லோடு ஏற்றுவதற்கு முன்னால் உப்பு அம்பாரத்தின் மேல் மூடியிருந்த ஓலையை விலக்கியிருந்தார்கள். உப்பு காய்ந்திருக்கிறதா என்று பார்க்க அவர் அம்பாரத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார். நான் லாரிச் சீட்டைக் கொடுக்க வெளியே வந்திருந்தேன். தலைவி திடீரென்று கூடையைப் போட்டுவிட்டுக் கத்தினாள்.

"நில்லுங்க! எல்லாரும் நில்லுங்க! யாரு கால்ல ரத்தம்?"

வெள்ளை உப்பின் மேல் சிவப்பு சிவப்பாகக் கால்தடம் ஏறி இறங்கியிருந்தது. பெண்கள் எல்லோரும் தங்கள் தங்கள் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்கள். அவரும் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். அது நல்ல கால். "எனக்கு இல்லம்மா" என்று சொல்லிவிட்டு இரண்டு அடி வைத்தார், புதிதாக ஒரு சிவப்புத் தடம் விழுந்தது.

பெருவிரலுக்கு அடியில் வேலிக்காத்தான் முள் முழுசாக ஏறி ஒடிந்திருந்தது. சுற்றிலும் சதை கறுத்துப்போயிருந்தது. அன்றைக்கு ஏறிய முள் இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. முந்தின இரண்டு நாளும் வீட்டில் ஆடிக் கூழ் ஊற்றுகிற வேலை, அவர் மனைவிக்குக் கால் பார்ப்பது விட்டுப்போயிருக்கிறது. எப்போது ஏறியது, எந்த வரப்பில் ஏறியது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "வலிக்கலியே" என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. தலைவி அப்படியே உப்பின் மேல் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க வாயாலதானே சொன்னோம், நல்லா வந்துடுச்சுன்னு! எங்க வாயாலதானே!" என்று அழுதாள். அவளை எழுப்ப எனக்குக் கை வரவில்லை.

லாரியிலேயே அவரைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். பெருவிரலையும் அதை ஒட்டிய விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. கால் தப்பியது. அடுத்த முறை இப்படி நடந்தால் விரலோடு நிற்காது, முழங்காலுக்குக் கீழே எதுவும் இருக்காது என்று அதே ஒல்லி டாக்டர் அவரிடமும் அவர் மனைவியிடமும் சொல்லி அனுப்பினார். புண் ஆறுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் உப்பளத்தில் யாருக்கும் வேலை கிடையாது, பாத்தியெல்லாம் ஏரியாகக் கிடக்கும். அதுவரை மேனேஜர் லீவு என்று எழுதிச் சமாளித்தார், அதன் பிறகு அவர் வீட்டில் கிடந்தது வேலைக்குப் பாதகமாகவில்லை. மழையை அந்த வருஷம் நான் திட்டவில்லை.

பொங்கல் கழிந்து பாத்திகளை மிதித்துச் சரிசெய்து தண்ணீர் பாய்ச்சினார்கள். மாசியில் முதல் உப்பு பூத்தது. முதல் வாருதலுக்கு அவர் வந்து பார்த்துச் சொல்லவேண்டும். மேனேஜர் என்னை அழைத்து, நீயும் கூடப் போ என்றார்.

சூப்பர்வைசர் சைக்கிளை விட்டு இறங்கி, வரப்பு முனையில் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றார். காலில் செருப்பு இருந்தது. கழற்றவில்லை, இறங்கவும் இல்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தார். பெண்கள் பலகைகளோடு பாத்தி ஓரத்தில் வரிசையாக நின்றிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் தலைவி முன்னால் வந்தாள். அவள் இடுப்பில் இருந்த உப்புக் கூடையில் பேப்பரில் சுற்றிய ஏதோ இருந்தது. பிரித்தாள். புதுச் செருப்பு, டயர் அடி வைத்து, மேலே அகலமான வார் தைத்தது.

"இது ரோட்ட மிதிக்காத செருப்பு அய்யா. தைக்கறவரு கையிலேர்ந்து நேரா கூடைல வாங்கியாந்தேன். நல்ல தண்ணில கழுவிட்டோம். இத இங்கியே வெச்சுக்குவோம். பாத்திக்குன்னே தனியா. போட்டுக்கினு எறங்குங்க."

"அது எப்படிம்மா..." என்றார் அவர்.

"வெறுங்கால்ல எறங்கினீங்கன்னா நாங்க இன்னிக்கு வாரமாட்டோம்" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவர் பழைய செருப்பைக் கழற்றிவிட்டுப் புதுசுக்குள் காலை நுழைத்தார். நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது, அதை அந்தக் கூட்டத்துக்குக் காட்ட எனக்கு இஷ்டமில்லை.

அவர் இறங்கினார். மெதுவாக நடந்து நடுப் பாத்திக்குப் போய்க் குனிந்து, உப்பை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் அங்கேயும் பார்த்தார். நிமிர்ந்து, பழைய குரலில், "வாரலாம்!" என்று கத்தினார். பெண்கள் சிரித்தார்கள், ஒருத்தி குலவை போட்டாள். அவர் திரும்பி நேராக என்னை நோக்கி வந்தார். எத்தனையோ நாள் கழித்து அந்த முகத்தில் ஒரு களை இருந்தது.

"எப்படி? உன் தொல்லை ஒழிஞ்சுதா? செருப்போட எறங்கிட்டேன் பார்த்துக்கோ."

பார்த்தேன். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. விரல் போன கால் வெறுமையாக, முழுக்க உப்புச் சேறாக இருந்தது. பிடித்துக்கொள்ளப் பெருவிரல் இல்லாத காலில் செருப்பு அந்த வழுக்கலில் எப்படி நிற்கும்? அது நடுப் பாத்தியில், அவர் திரும்பிய இடத்தில், சேற்றில் பதிந்து கிடந்தது. அங்கிருந்து இவ்வளவு தூரமும் அவர் வெறுங்காலோடுதான் வந்திருக்கிறார்.

பெண்கள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள். அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார், பிறகு எங்கள் கண் போன இடத்தைப் பார்த்தார். அந்தக் காலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவி பாத்தியில் இறங்கிப் போய்ச் செருப்பை எடுத்து, அங்கேயே அலசிக்கொண்டு வந்தாள். அவரை வரப்பில் உட்காரவைத்து, பாதத்தைத் துடைத்து, அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல் எதுவும் இல்லை. செருப்பை மாட்டிவிட்டு, தலையில் கட்டியிருந்த துணியிலிருந்து நீளமாகக் கிழித்து, குதிகாலைச் சுற்றிச் செருப்போடு சேர்த்துக் கட்டினாள். முடிச்சை இழுக்கும்போது, எல்லோரும் கேட்பதுபோல, பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

"வலிக்குதா அய்யா?"

கேட்டவுடனே அவள் கை நின்றுவிட்டது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் அவர். "நீயே பார்த்துக் கட்டு."